ராக்லண்ட்ஸா, கல் பங்களாவா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நீலகிரியில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையைக் கோவைக்கு அனுப்புவதா, மேலேயே படிக்கவைப்பதா? மேலேயே என்று முடிவானால், சயின்ஸ் படித்த பிள்ளைக்கு இரண்டு பெயர்கள் முன்னால் வரும். ஒன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரி. இன்னொன்று ஊட்டியிலேயே ராக்லண்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும் ஜேஎஸ்எஸ் பார்மசி கல்லூரி.

கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் கட்ட ஆரம்பித்த ஸ்டோன் ஹவுஸ் வளாகம்தான் அதன் இடம். மலைமக்கள் வாயில் அது கல் பங்களா. துரை குடியிருந்த இடத்துக்கு இன்று ஹட்டி என்னும் படுகர் ஊர்களிலிருந்தும், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் போட்ட தோட்டங்கள் அவை. பச்சை இலை பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களின் பேத்திகள் பட்டம் வாங்குவதற்கு இந்தக் கல்லூரியை விட்டால் வேறு எது இவ்வளவு உதவியது? எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. வனவிலங்கு உயிரியல் படிப்பும் இங்கே இருக்கிறது. முதுமலை இதே மாவட்டத்தில் இருக்கும்போது, அதைப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

ராக்லண்ட்ஸ் கதை வேறு. கர்நாடகத்தின் சுத்தூர் மடத்தைச் சேர்ந்த ஜேஎஸ்எஸ் மகாவித்யாபீடம் 1980-ல் தொடங்கிய கல்லூரி இது. 2008-ல் ஜேஎஸ்எஸ் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதும் இதுவும் அதற்குள் வந்தது; தலைமையிடம் மைசூர். பல்கலைக்கழகம் என்ற பெயரைக் கேட்டுப் பத்துத் துறைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே எல்லாமே மருந்துதான். பி.பார்ம் 4 வருடம், பார்ம்.டி 6 வருடம். பார்ம்.டி பிள்ளைகள் ஊட்டி அரசு மருத்துவமனை வார்டுகளுக்குப் போய், நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்த்து, ஒரு மாத்திரையோடு இன்னொன்று ஒத்துப்போகுமா என்று சரிபார்க்கப் பழகுகிறார்கள். சுகரும் பிரஷரும் சேர்ந்து இருக்கும் ஒரு பாட்டிக்கு எழுதிய ஐந்தாறு மருந்துகளை வரிவரியாகப் படிக்கும் பழக்கம், வகுப்பில் உட்கார்ந்து மட்டும் வராது.

செலவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அரசு கல்லூரியில் பஸ் பாஸும் மதியச் சாப்பாடும்தான் பெரிய கவலை. தனியாரில் பீஸ், ஹாஸ்டல், மெஸ் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் இருக்கிறது.

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில், அரசு 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பெண்கள் மட்டும் படிக்கும் இடம் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல இடம். ஆனால் ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்கி, பழனி போய், மறுபடி மலை ஏற வேண்டும்.

கிளைமேட்டுக்காக ஊட்டியைத் தேர்ந்தெடுக்கும் சமவெளிப் பெற்றோரிடம் ஒன்று சொல்வேன்: சீசனில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஜூலையில் வாருங்கள். துவைத்த லேப் கோட் மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். ஷூவில் பூஞ்சை பிடிக்கும். டிசம்பர் கடைசியில் விடியற்காலைப் புல்வெளி முழுக்க உறைபனி.

கூடலூர்ப் பிள்ளைகளுக்கு அந்த மழை பஸ் பிரச்சினையும்கூட. ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக மலையேற்றம். பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு வகுப்பு போச்சு. தினமும் போய்வந்துவிடலாம் என்று நம்பாமல், எந்தக் கல்லூரியானாலும் ஹாஸ்டலில் இடம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஊட்டி இருக்கும் பிள்ளைக்கு, பார்மசியில்தான் மனசு என்றால் ஒழிய, கல் பங்களாவையே சொல்வேன்.