ஓசூரில் மின் வாகனத் தொழிலகங்களுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சி: ஓராண்டு அனுபவத்தின் மதிப்பீடு

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு முடித்த என் அக்காள் மகன், ஓசூரில் இயங்கும் ஓர் ஆள் சேர்ப்பு ஏஜென்சி வழியாக, 2024 ஜூன் மாதம் மின்சார ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி பேக் பூட்டும் ஒரு தொழிலகத்தில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்தான். ஓராண்டுக் காலம் அந்த ஏஜென்சியின் சேவையை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், இனி அதை நாடப்போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு மின் வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 1.5 லட்சம் வேலைவாய்ப்புகளையும் இலக்காக வைத்தது. டி.வி.எஸ்., ஏதர் ஆகியவை ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளி அருகிலும் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கின்றன. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிலகங்களும் உள்ளன. இந்த வேலைகளுக்குள் நுழைய நம் பிள்ளைகளில் பலருக்குக் கிடைக்கும் முதல் வாசல் ஏஜென்சிதான்.

சேர்க்கும் பணியை இந்த ஏஜென்சி நன்றாகவே செய்தது. முன்பணம் கேட்கவில்லை, சான்றிதழ்களின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்தது, நான்காம் நாளே அவன் உற்பத்தி லைனில் நின்றான். தங்குமிடம் சுத்தமாக இருந்தது, இரவு ஷிப்டுக்கும் வண்டி தவறாமல் வந்தது.

குறை சம்பளத்தைச் சொன்ன விதத்தில் இருந்தது. "மாதம் கிட்டத்தட்ட 18,000" என்று தொலைபேசியில் சொன்னார்கள். முதல் முழு மாதச் சம்பளச் சீட்டை அவன் எனக்கு அனுப்பி, "மாமா, இதில் எது என் சம்பளம்?" என்று கேட்டபோதுதான் கணக்கு விளங்கியது. மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய். முதலாளி செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440 ரூபாயையும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 520 ரூபாயையும் அதனுடன் கூட்டித்தான் 18,000 என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் பங்காக பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 120, அதன்மேல் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 ரூபாய் பிடித்தம் போக, கைக்கு வந்தது 11,940 ரூபாய். பி.எஃப். அவனுடைய சேமிப்பு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று கணக்கிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் பையனிடம், கைக்கு வரும் தொகையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவேதும் ஆகாது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அதே அறையில் தங்கி அதே லைனில் நின்ற அவனுடைய நண்பன் பயிற்சியாளராக, அதாவது அப்ரண்டிஸாகச் சேர்க்கப்பட்டிருந்தான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அவன் தொழிலாளி ஆகமாட்டான். பெறுவது உதவித்தொகை, ஆகவே பி.எஃப். கிடையாது. பயிற்சி முடிந்து சான்றிதழ் பெற்றால் அதற்கும் மதிப்புண்டு, அது தவறான வழி என்று நான் சொல்லவில்லை. ஆயினும் கையெழுத்திடும் நாளில் இந்த வேறுபாட்டை இருவருக்கும் எடுத்துச் சொல்ல ஏஜென்சியில் ஒருவரும் முன்வரவில்லை. சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அப்ரண்டிஸா, கான்ட்ராக்டா?" என்பதே.

அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தரச் சொன்னது. முதல் இரண்டு மாதங்கள் ஓ.டி.க்கு ஒற்றைக் கணக்கில்தான் பணம் வந்தது. வருகைப் பதிவின் படங்களோடு அவன் எழுத்து மூலம் கேட்டபின், மூன்றாம் மாதச் சம்பளத்தில் நிலுவை முழுவதும் சேர்ந்து வந்தது. தவற்றைத் திருத்தினார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேட்காத மற்றவர்களுக்கும் திருத்தினார்களா என்பதுதான் என் கவலை.

2025 மே மாதம் ஒப்பந்தம் முடிந்தது. அவன் வேலையை விட்ட தேதியை ஏஜென்சி பி.எஃப். தளத்தில் பதியாததால் பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்ற முடியவில்லை. தொலைபேசி அழைப்புகளால் பயனில்லை. இரண்டாம் முறை நேரில் சென்று உட்கார்ந்த பிறகே பதிந்தார்கள். இப்போது அவன் வேறொரு தொழிலகத்தில் மோட்டார் சோதனைப் பிரிவில் இருக்கிறான். சேர்வதற்கு முன்பே சம்பள விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, எனக்கும் ஒரு நகல் அனுப்பினான்.