வயலேட்டர்: ஒரு பாட்டின் வாலில் தொங்கும் இரண்டு நிமிடங்கள்

டெபேஷ் மோட் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக் குழுவின் ‘வயலேட்டர்’ ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல ஆண்டுகளாக அதைக் கேட்டுவரும் நான் தயங்காமல் ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், ‘என்ஜாய் த சைலன்ஸ்’ பாட்டின் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இடையிசை இன்றும் என்னை உறுத்துகிறது.

பாட்டு ஏறத்தாழ நான்கேகால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆல்பத்திலோ அதன் நீளம் 6 நிமிடம் 12 விநாடி. மீதி நேரம் முழுவதும், உறையின் பாடல் வரிசையில் குறிப்பிடப்படாத மங்கலான ஓர் இடையிசை. அந்தப் பாட்டை மட்டும் கைபேசியில் தேர்ந்தெடுத்துக் கேட்கும்போது, கிட்டார் மெட்டு ஓய்ந்து மனம் நிறைந்திருக்கும் வேளையில் அது தொடங்குகிறது, எழுந்து நிறுத்தும்வரை விடுவதில்லை. ‘புளூ டிரெஸ்’ பாட்டின் முடிவிலும் இப்படித்தான். தனித் தடங்களாகப் பிரித்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

ஆனாலும் 1990 மார்ச்சில் வெளிவந்த இந்த ஏழாவது ஆல்பத்தைப் போல, ஒலிகளுக்கு நடுவே இவ்வளவு இடம்விட்டுக் கட்டப்பட்ட மின்னணு இசையை நான் அதிகம் கேட்டதில்லை. தயாரிப்பாளர் ஃபிளட், குழுவின் ஆலன் வைல்டர், பெரும்பாலான பாடல்களை மிக்ஸ் செய்த (பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்த) பிரான்சுவா கெவோர்க்கியன் ஆகியோரின் சிக்கனம் எங்கும் தெரிகிறது. ‘பெர்சனல் ஜீசஸ்’ பாட்டின் தாளத்துக்குக் கருவிப் பெட்டிகளின் மீது ஏறி மிதித்து ஒலிப்பதிவு செய்தார்கள்; அந்த மிதியின் கனம் நல்ல ஒலிபெருக்கியில் தரை வழியாகவே வந்து சேர்கிறது. ‘கிளீன்’ பாட்டின் பேஸ் எனும் தாழ்தொனி இசை பற்றித் தனியாகவே எழுதலாம்.

‘என்ஜாய் த சைலன்ஸ்’ பாட்டை, குழுவின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் முதலில் ஆர்மோனியத்துடன் மெதுவான பாட்டாகத்தான் அமைத்திருந்தார். அதை வேகப்படுத்தலாம் என்றவர் வைல்டர். இது தெரிந்தபின் கேட்டால், வேகம் பறித்துக்கொண்ட மந்தமான சோகத்தை அந்த வால்பகுதி திருப்பித் தருவதுபோல் இருக்கிறது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை வரிசையாகக் கேட்பவருக்கு, ‘பாலிசி ஆஃப் ட்ரூத்’ தொடங்குமுன் அந்த ஓய்வு அவசியம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியிருந்தும், அதே குழுவின், 1986இல் வந்த ‘பிளாக் செலிப்ரேஷன்’ ஆல்பத்தை முதலில் வாங்கும்படிதான் நண்பரிடம் சொன்னேன். ‘வயலேட்டர்’ அதைவிடச் சிறந்த ஆல்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நேற்றிரவும் அந்த இரண்டு நிமிடங்களுக்காக எழுந்து போய் நிறுத்தியவன், இன்று அதைப் பரிந்துரைக்கும் மனநிலையில் இல்லை.