மாடித் தொட்டிக்கு எலுமிச்சையா, சாத்துக்குடியா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மாடிகளில் பெரிய தொட்டி ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும். எதை வைப்பது?

பூவிலிருந்து பழம் வரை
எலுமிச்சை: 5, 6 மாதம். வருடத்தில் சில முறை பூக்கும்.
சாத்துக்குடி: 8, 9 மாதம்.

உரம் போட்டு இந்த வித்தியாசத்தை மாற்ற முடியாது. பழுக்கும் பருவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன; வெயிலும் குளிரும் கொஞ்சம் முன்பின் தள்ளும், அவ்வளவுதான். ஒட்டுக்கன்று தாய்மரத்தின் மொட்டிலிருந்து வருவதால் அதே மரபணு, அதே பருவம். அபூர்வமாக ஒரு மொட்டில் தானாகவே மரபணு மாறி, அந்தக் கிளை மட்டும் முந்திப் பழுப்பதும் உண்டு. ஜப்பானின் சாட்சுமா ஆரஞ்சில் முன்கூட்டியே பழுக்கும் ரகங்கள் சில அப்படிக் கிடைத்தவைதான். எவ்வளவு அழகான விஷயம்!

விதையில் முளைத்தது
எலுமிச்சை: ஒரே விதையில் பல கருக்கள், பெரும்பாலும் தாயின் நகல்கள். ஆனாலும் காய்க்கச் சில வருடம் ஆகும்.
சாத்துக்குடி: இன்னும் தாமதம். ஒட்டுக்கன்றே வாங்குங்கள்.

பறிப்பது
எலுமிச்சை: பச்சையாகவே சாறு இருக்கும்.
சாத்துக்குடி: முதிராமல் பறித்தால் வீட்டில் வைத்தாலும் இனிக்காது. சென்னையில் இரவுக் குளிர் போதாது, பழுத்தாலும் தோல் பச்சையாக இருக்கும். ஒன்றைச் சுவைத்துப் பார்த்துப் பறியுங்கள்.

தண்ணீர்: இரண்டுக்குமே உப்பு ஆகாது. காசிமேடு, எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மெட்ரோ வாட்டர்தான்.

தொட்டி மட்டும் இருப்பவர்களுக்கு எலுமிச்சை. மாதவரம் பக்கம் கொஞ்சம் மண்தரையும் பொறுமையும் இருந்தால், சரி, சாத்துக்குடி வையுங்கள்.