பிளாஸ்டிக்கா, மரமா, அட்டையா: மாடல் ரயில் லேஅவுட்டுக்கு ஃபேக்டரி கட்டும்போது எதை எடுக்கலாம்

லேஅவுட்ல தண்டவாளம் போட்டு இன்ஜினும் ஓட ஆரம்பிச்சதும் அடுத்து வர்ற கேள்வி, இந்த சைடிங் (மெயின் லைன்ல இருந்து பிரியுற கிளைத் தண்டவாளம்) எங்க போய் முடியுது, வேகன்ல எதை ஏத்தி எங்க இறக்குறாங்கன்னு. அதுக்கு ஒரு ஃபேக்டரியோ மில்லோ குடோனோ இருந்தே ஆகணும். கிட், அதாவது நாமே ஒட்டிக் கட்டுற துண்டுகள் செட், தேடப் போனா மூணு வகை முன்னாடி வந்து நிக்கும்: பிளாஸ்டிக், லேசர்ல வெட்டின மரம், பிரிண்ட் பண்ண அட்டை. எது பெஸ்ட்னு கேட்டா ஆளுக்கொரு கட்சி. மரம் கட்டுறவங்க பிளாஸ்டிக்கை பொம்மைம்பாங்க, பிளாஸ்டிக்காரங்க அட்டையை ஸ்கூல் ப்ராஜெக்ட்டும்பாங்க. என்னைக் கேட்டா, நிஜத்துல அந்தக் கட்டடம் எதால கட்டினது, எந்தக் காலத்துது, அதை அழுக்காக்கினது என்ன, இந்த மூணையும் முதல்ல முடிவு பண்ணிட்டா கிட் தானா முடிவாயிடும்.

அமெரிக்க லேஅவுட்கள்ல ரொம்ப சகஜமா இருக்குற தானிய எலிவேட்டரையே எடுத்துக்கலாம், அதாவது கோதுமை சோளத்தை மேல தூக்கி சேமிச்சு வச்சு அப்புறம் வேகன்ல கொட்டுற கட்டடம். பஃபலோ நகரத்துல 1842ல ஜோசப் டார்ட் கட்டினது மரத்துல. அதுக்கப்புறமும் பல வருஷம் மரம்தான். மரமும் தானியத் தூசியும் நீராவி இன்ஜின் தீப்பொறியும் ஒரே இடத்துல இருந்தா என்ன ஆகும், அடிக்கடி பத்திக்கிச்சு, அதனால பல எலிவேட்டருக்கு வெளிப்பக்கம் தகரம் அடிச்சு மூடினாங்க. 1899-1900ல மினசோட்டாவுல பீவி, ஹேக்லின்னு ரெண்டு பேர் சேர்ந்து கான்கிரீட்ல வட்டமா ஒண்ணை சோதனைக்குக் கட்டிப் பாத்தாங்க, அது நின்னுச்சு, அப்புறம்தான் வரிசை வரிசையா நிக்குற அந்த கான்கிரீட் சைலோ, அதாவது உருளை வடிவத் தானியக் கிடங்கு எல்லாம் வந்துச்சு. ஆக ஒரே தொழில், மூணு விதமான சுவர், மூணு விதமான அழுக்கு.

முதல்ல பிளாஸ்டிக். அமெரிக்காவுல மில்வாக்கியில 1932ல ஆரம்பிச்ச வால்தர்ஸ் கம்பெனியோட கார்னர்ஸ்டோன் வரிசைதான் இதுல பெரிய பேர், எலிவேட்டர், சிமெண்ட் ஆலையில இருந்து ஸ்டீல் மில் பிளாஸ்ட் ஃபர்னஸ் வரைக்கும் போட்டிருக்காங்க. செங்கல் சுவருக்குன்னா டிபிஎம் (டிசைன் பிரிசர்வேஷன் மாடல்ஸ்), இப்ப உட்லேண்ட் சீனிக்ஸ் கம்பெனி கையில இருக்கு, துண்டு துண்டா சுவர் விக்கிறாங்க, நமக்கு வேணும்கிற நீளத்துக்கு ஒட்டிக்கலாம். கான்கிரீட், செங்கல், ஸ்டீல் இந்த மூணுக்கும் பிளாஸ்டிக்தான் சரி, ஏன்னா அச்சுல வார்க்கும்போதே ரிவெட், செங்கல் வரி, ஜன்னல் சட்டம் எல்லாம் ஏறிடுது. ஒட்டுறதும் லேசு. டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணியா இருக்குற பிளாஸ்டிக் பசையை ஜாயிண்ட்ல பிரஷ் நுனியால தொட்டா போதும், தானா இடுக்குல ஓடி ரெண்டு பக்கத்தையும் உருக்கி ஒண்ணாக்கிடும்.

குறை இல்லாம இல்லை. சைலோ பெரும்பாலும் ரெண்டு பாதியா வரும், அந்த ஜாயிண்ட் கோடு மேல இருந்து கீழ வரைக்கும் தெரியும், புட்டி வச்சு உப்புத்தாள் போட்டே ஆகணும், இதுல சோம்பேறித்தனம் பட்டா பெயிண்ட் அடிச்சப்புறம் இன்னும் நல்லா தெரியும். உள்ள லைட் வச்சா சுவரே ஒளிரும், அதனால உள்பக்கம் கருப்பு அடிக்கணும். நீளமான சுவர் வளையும், உள்ள குறுக்க ஒரு பட்டி குடுத்துடுங்க. அப்புறம் செங்கல். அமெரிக்க செங்கல் 8 இன்ச் நீளம், ஹெச்ஓ ஸ்கேல்ல அதாவது 1:87ல 2.3 மில்லிமீட்டர். நடுவுல இருக்குற கலவைக் கோடு நிஜத்துல 3/8 இன்ச், ஸ்கேல்ல வெறும் 0.11 மில்லிமீட்டர், தலைமுடி கனம்தான். நிறைய கிட்ல அந்தப் பள்ளம் இதைவிட அகலம். அதுல போய் வெள்ளை வெளேர்னு கலவை நிறத்தை நிரப்பினா சுவர் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி நிக்கும். செங்கல் நிறத்தோட கொஞ்சம் சாம்பல் கலந்து, செங்கலைவிட ஒரு படி மட்டும் வெளுத்த நிறமா அடிங்க, ஒரு முழம் தள்ளி நின்னு பாத்தா அதுதான் நிஜமா இருக்கும்.

அடுத்தது மரம். இங்க கதை கொஞ்சம் உணர்ச்சிகரமானது, ஏன்னா இந்தப் பக்கம் ஒரு பக்தர் கூட்டமே இருக்கு. மாசசூசெட்ஸ்ல பீபடி ஊர்ல ஜார்ஜ் செலியோஸ் 1967ல ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்னு ஆரம்பிச்சார், குச்சி குச்சியா மரம், ஈய வார்ப்புல பீப்பா, பெட்டி, ஏணி எல்லாம் சேத்து ஒரு கிட், பொறுமை இருக்குறவங்களுக்கு மட்டும். அவரோட சொந்த லேஅவுட் ஃபிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர், 1930கள் பொருளாதார மந்த காலத்து ஊர், ஒவ்வொரு சுவரும் பெயிண்ட் உரிஞ்சு விளம்பர எழுத்து மங்கிப் போய் நிக்கும். அதுக்கப்புறம் வந்த லேசர் கிட் எல்லாத்துலயும் அந்த சாயல் இருக்கு. லேசர் வந்ததுல வேலை ரொம்ப குறைஞ்சுது, சுவர் பள்ளமும் பல்லுமா வெட்டி வருது, ஜன்னல் ஸ்டிக்கர் மாதிரி பின்னாடி பிசினோட வருது. 

மர எலிவேட்டர், நிலக்கரி ஏத்துற டிப்பிள், சா மில், ஐஸ் ஹவுஸ் இதெல்லாம்னா யோசிக்காம மரம் வாங்குங்க. கம்பி பிரஷ்ஷால பலகை ஓட்டத்துலயே இழுத்தா நார் எழும்பும், அதுல கறை ஏறுற அழகு பிளாஸ்டிக்ல எவ்வளவு பெயிண்ட் அடிச்சாலும் வராது. ஆனா ஒரு கண்டிஷன், வேலை வரிசை தலைகீழ். பிளாஸ்டிக்ல கட்டி முடிச்சுட்டு பொறுமையா அழுக்காக்கலாம், மரத்துல ஒட்டுறதுக்கு முன்னாடியே நிறம் ஏத்திடணும், ஏன்னா ஃபெவிகால் பட்ட இடத்துல கறை பிடிக்காது, பளிச்சுன்னு ஒரு திட்டு தெரியும், அப்புறம் மறைக்கவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்கினா பலகை சுருளும், ரெண்டு பக்கமும் அடிச்சு மேல கனம் வச்சு காய விடணும், நம்ம கடலோர ஊர்ல மழை மாசம்னா உள்ள கூடுதலா ரெண்டு பட்டியும் வைக்கணும். லேசர் கருக்கின ஓரத்தை லேசா தேய்ச்சுடுங்க.

மரத்துல செங்கல் சுவரா செதுக்கி விக்கிறாங்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. செங்கல் மேல மர நார் ஓடுது, மூலையில பல்லு பல்லா ஜாயிண்ட் தெரியுது. அதே மாதிரி செலியோஸ் பாணியை எல்லாக் கட்டடத்துக்கும் போடுறதும். ஓடிட்டிருக்குற ஃபேக்டரியில முதலாளி பலகை விழுந்தா ஆணி அடிப்பான்ல, எல்லா சுவர்லயும் பலகை தொங்கிட்டு இருந்தா அந்த வேகனுக்கு சரக்கு எங்க இருந்து வருது?

அட்டையை நான் சுருக்கமா சொல்லிடறேன். இது பிரிட்டிஷ் பழக்கம், மெட்கால்ஃப் கிட் வெட்டியே வரும், ஸ்கேல்சீன்ஸ்னா பிடிஎஃப் வாங்கி நாமே பிரிண்ட் எடுத்து அட்டையில ஒட்டி வெட்டிக்கணும், ஒரு தடவை காசு குடுத்தா எத்தனை வேணா எடுக்கலாம். பின்னாடி சுவத்தோட ஒட்டி ரெண்டு இன்ச் ஆழத்துல ஒரு நீள பஞ்சாலை வேணும்னா இதுக்கு ஈடே இல்லை, விலையும் கம்மி. அவங்க ஊர் ஓஓ ஸ்கேல்ல, அதாவது 1:76ல, 9 இன்ச் செங்கல் சுவர்னா சரியா 3 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் அட்டையும் 1 மில்லிமீட்டர் அட்டையும் சேத்து ஒட்டினா ஜன்னல் எவ்வளவு உள்வாங்கி இருக்கணுமோ அவ்வளவு உள்வாங்கும், இந்த ஆழம் பல பிளாஸ்டிக் கிட்லயே கிடையாது. பிரச்சனை வெட்டின ஓரத்துல வெள்ளை தெரியுறது, கலர் பென்சிலால தேய்ச்சுடணும். முன் வரிசையில கைக்கெட்டுற தூரத்துல வைக்காதீங்க, செங்கல் தட்டையா இருக்குறது தெரிஞ்சுடும்.

கிட்டே வேண்டாம்னு நாலாவது வழியும் இருக்கு. சைலோவுக்கு மட்டும் நம்ம ஹார்டுவேர் கடை 75 மில்லிமீட்டர் பிவிசி பைப், ஹெச்ஓ ஸ்கேல்ல கிட்டத்தட்ட 21 அடி விட்டம், நம்பும்படியான அளவு. 100 அடி உசரத்துக்கு 35 சென்டிமீட்டர் வெட்டினா போதும். ஜாயிண்ட் கோடே கிடையாது. பளபளப்பை உப்புத்தாளால எடுத்துட்டு பிரைமர் அடிங்க, இல்லன்னா பெயிண்ட் தோல் மாதிரி உரியும்.

இப்ப வெதரிங், அதாவது புதுசா இருக்குறதை வெயில் மழை பட்ட பழசா அழுக்காக்குறது. இதுலதான் மூணு பொருளும் மூணு விதமா நடந்துக்கும். ரொம்ப சீப்பான ஆயுதம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல இண்டியன் இங்க், அரை லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு டீஸ்பூன். மரத்துல இதுவே போதும், ஒரே பூச்சுல வெயில்ல நரைச்ச பலகை. பிளாஸ்டிக்ல மேட் பெயிண்ட் மேல அடிச்சா இடுக்குல தங்கி நிழல் குடுக்கும், ஆனா டல்கோட்ங்கிற மேட் வார்னிஷ் அடிச்ச மேல ஆல்கஹால் பட்டா வெள்ளையா பூக்கும். சிலர் அதையே வேணும்னே பண்றாங்க, உப்பு பூத்த செங்கல் சுவருக்கு அருமையா இருக்கும், எதிர்பாக்காம வந்தாதான் பகீர்னு இருக்கும். அட்டையில இந்தப் பக்கமே வராதீங்க, இங்க்ஜெட் மை கலைஞ்சு ஓடிடும்.

ரெண்டாவது பவுடர், சாஃப்ட் பேஸ்டல் குச்சியை உப்புத்தாள்ல தேய்ச்சு எடுக்குறது. அட்டைக்கு இது ஒண்ணுதான் கதி, மேட் வார்னிஷ் அடிச்சு காஞ்சப்புறம். சிமெண்ட் ஆலைக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை, சாம்பல் தூசி எங்க படியும், கூரை மேல, பைப் முதுகுல, ஜன்னல் விளிம்புல, சுவர்ல கம்மியாத்தான். எலிவேட்டர்ல அதே வேலை வெளிர் மஞ்சள்ல, தானியம் கொட்டுற குழாயைச் சுத்தி. இன்ஜின் ஷெட்னா கதவு மேல் விளிம்புலயும் கூரைப் புகைத் திறப்புலயும் கரி, 1960க்கு அப்புறம் காலம்னா கரியைக் குறைச்சுடுங்க, அதுக்குள்ள அமெரிக்காவுல நீராவி கிட்டத்தட்ட ஒழிஞ்சாச்சு. மேல வார்னிஷ் அடிச்சா பவுடர்ல பாதி காணாமப் போகும், அதனால கொஞ்சம் தூக்கலாவே போடணும்.

மூணாவது ஆயில் பெயிண்ட், தகரத்துக்கும் ஸ்டீலுக்கும். கால்வனைஸ் பண்ண தகரம் ஒரே நாள்ல துருப்பிடிக்காது, முதல்ல பளபளப்பு போய் மங்கின சாம்பலாகும், அப்புறம் ஆணி ஓட்டை, வெட்டின ஓரம், ரெண்டு ஷீட் ஏறி நிக்குற இடம், இங்கெல்லாம் துரு ஆரம்பிக்கும். அதனால ஒவ்வொரு ஷீட்டுக்கும் நிறம் கொஞ்சம் மாறணும், ஒரே பிரவுன் மொத்தக் கூரைக்கும் அடிச்சா கெட்டுது. ஆணி இருக்குற இடத்துல ஒரு புள்ளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) வச்சு, ஒயிட் ஸ்பிரிட்ல லேசா நனைச்ச தட்டை பிரஷ்ஷால நேரா கீழ ஒரே இழுப்பு, அவ்வளவுதான், மழைத்தண்ணி எப்படி இறங்குமோ அப்படி. பழைய துரு கரும்பழுப்பு, புதுசு ஆரஞ்சு, ஆரஞ்சை ஓரத்துல மட்டும் துளி வையுங்க. அடியில அக்ரிலிக் பெயிண்ட் கட்டாயம் இருக்கணும், வெறும் பிளாஸ்டிக்ல ஸ்பிரிட் ஊறினா ஜாயிண்ட் வெடிச்சுப் போகலாம்.

என் கணக்குல கான்கிரீட் எலிவேட்டர்னா சைலோ பிவிசி, மேல்கட்டு பிளாஸ்டிக், பக்கத்துல ஏத்துற கொட்டகை மட்டும் மரம், பின்னாடி தூரத்துல தெரியுற மில் அட்டை. 1890 காலத்து கிராமத்து எலிவேட்டர்னா முழுக்க மரம், அதுல பாதி சுவருக்கு தகரம். எதைக் கட்டினாலும் பேஸ்போர்டுல, அதாவது லேஅவுட்டோட அடிப்பலகையில, வச்சதும் சுவரடியில ஒரு கருப்பு இடுக்கு தெரியும், அதை சலிச்ச மண்ணு, கொஞ்சம் புல்லு, தண்ணி கலந்த ஃபெவிகால் வச்சு அடைச்சுட்டு, அதே மண்ணு நிறத்துப் பவுடரை சுவர்ல அரை இன்ச் உசரத்துக்கு கீழ இருந்து மேல தட்டி விடுங்க, மழை தெறிச்ச கறை.