பிகோக்காவில் காத்திருக்க மறுத்தவர்கள்: ஒரு போர், மூன்று விதித்தொகுப்புகள்

1522 ஏப்ரல் 27, மிலானுக்கு அருகே பிகோக்கா. பிரெஞ்சுத் தளபதி லோட்ரெக்கிடம் கூலிக்குப் போரிட்டுவந்த சுவிஸ் ஈட்டிப்படையினர் சம்பளப் பாக்கியால் கொதித்துப்போயிருந்தார்கள். உடனே போர் வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்புவோம் என்று நின்றார்கள். பீரங்கிகள் நிலைகொள்ளும்வரை பொறுக்கச் சொன்னதையும் அவர்கள் கேட்கவில்லை. எதிரே ஒரு பள்ளச் சாலை, அதற்கப்பால் மண்மேடு. மேட்டின்மேல் எதிர்த்தரப்புத் தளபதி பெஸ்காராவின் ஆர்க்கபஸ் துப்பாக்கி வீரர்கள் நான்கு வரிசைகளில் நின்றார்கள். மோதல் முடிந்தபோது சுமார் 3,000 சுவிஸ் வீரர்கள் மடிந்திருந்தார்கள்.

மறுமலர்ச்சிக் காலப் போர்களைச் சிற்றுருவங்களைக் கொண்டு மேசைமேல் விளையாட்டாக ஆடுவதற்கான விதித்தொகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, நானும் என் நண்பரும் இந்தப் போரையே உரைகல்லாக எடுத்துக்கொண்டோம். சிற்றுருவங்களும் மேசையும் மாறவில்லை, விதிகள் மட்டும் மாறின. மண்மேடும் துப்பாக்கியும் ஈட்டிப்படையைத் தடுக்கின்றனவா என்பதை மூன்றுமே ஓரளவு சரியாகக் காட்டிவிடுகின்றன. நான் தேடியது வேறு: தளபதியின் சொல் எடுபடாமல் போகும் அந்தக் கணம்.

முதலில் டி பெல்லிஸ் ரெனேஷியோனிஸ். 1995இல் வெளிவந்த இதை ஆர்வலர்கள் டிபிஆர் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் படைத்தொகுதிக்கு ஒரு பகடை உருட்டுகிறோம். விழும் எண்தான் அந்த முறைக்கான கட்டளைப் புள்ளிகள். ஒரு குழுவை நகர்த்த ஒரு புள்ளி போகும். மூன்றாவது முறையில் எனக்கு 1 விழுந்தது. இரண்டாவது ஈட்டித் திரளை நகர்த்துவதா, பீரங்கிகளை முன்னால் கொண்டுவருவதா? ஒன்றுதான் முடியும். கை பீரங்கிமேல் இருக்க, கண் திரளின்மேல் இருந்தது. அந்தத் தவிப்பைத் தருவதில் டிபிஆரை மிஞ்ச ஆளில்லை. மோதலும் சுருக்கமானது: இருவரும் பகடை எண்ணோடு தத்தம் மதிப்பைக் கூட்டுவோம், குறைந்தவர் பின்வாங்குவார், எதிரியின் தொகையில் பாதிக்கு மேல் வராதவர் பெரும்பாலும் அழிவார். வாக்கியங்கள்தான் இறுகிக் கிடக்கின்றன. ஒரே பத்தியை மூன்று முறை படித்த பிறகே இருவருக்கும் ஒரே பொருள் புரிந்தது. விதியின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு ஆடும் போட்டியாளர்களுக்கு இது பொருந்தும்.

பைக் அண்ட் ஷாட், 2012இல் வந்தது. எங்கள் மேசை உண்மையிலேயே சூடுபிடித்தது இதில்தான். பகடையைத் தொடுவதற்கு முன் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையைத் தளபதியின் தர எண்ணோடு ஒப்பிட வேண்டும். தரம் 8 என்று கொள்வோம். 7 அல்லது 8 வந்தால் படை ஒரு நகர்வு செல்லும், 6 வந்தால் இரண்டு, 5 அல்லது அதற்குக் கீழே என்றால் மூன்று. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் யாரும் அசைய மாட்டார்கள், அந்தத் தளபதியின் முறையும் அத்தோடு முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று நகர்வு கிடைக்க 36க்கு 10 வாய்ப்பு, கட்டளை தோற்கவும் அதே 36க்கு 10. ஒரே தளபதியின்கீழ் ஒரு திரள் பறந்துபோவதும் அடுத்தது மரம்போல் நிற்பதும் இதனால்தான்.

நண்பர் சுவிஸ் தரப்பை நடத்தினார். "முதல் திரள் பள்ளச் சாலைவரை முன்னேறட்டும்" என்றார். விழுந்தது 4. திரள் மேசையைக் கடந்து ஒரே மூச்சில் சாலை விளிம்பில் போய் நின்றது. அடுத்த திரளுக்கு 10. பீரங்கிகளுக்குக் கட்டளையிட அவருக்கு வாய்ப்பே மிஞ்சவில்லை. தனித்து நின்ற திரளின் மேல் என் துப்பாக்கி வரிசைகள் சுட்டன, இரண்டே முறைகளில் அது குலைந்துபோனது. புத்தகத்தில் படித்த பிகோக்கா கண்முன்னே நடந்தது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய மேசை வேண்டும், சிற்றுருவங்கள் நிறைய வேண்டும். ஒரு கட்டளைக்கு எவ்வளவு பொருள் கொள்ளலாம் என்பது ஆடுபவர்களின் நல்லெண்ணத்தை நம்பியே இருக்கிறது. வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டவரோடு இதை ஆட மாட்டேன்.

2017இல் வந்த தி பைக்மேன்ஸ் லமென்ட் சிறு மோதல்களுக்கானது. 24 புள்ளிகள் மதிப்புக்குள் தேர்ந்தெடுக்கும் ஒரு படை, ஒவ்வொரு பிரிவிலும் 6 அல்லது 12 வீரர்கள். பிகோக்காவை அதில் திணித்தது எங்கள் தவறு. ஒரு பாலத்தைக் கைப்பற்றும் ஆட்டத்தைப் பிறகு ஆடினோம், அருமையாக இருந்தது. நேரமும் இடமும் குறைவாக இருக்கும் நாட்களில் இதையே எடுப்பேன்.

ஆனால் மூன்றிலும் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. கட்டளை தோற்றால் படை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பிகோக்காவில் கட்டளை தோற்றபோது படை பாய்ந்தது. அதனால் பைக் அண்ட் ஷாட்டோடு சொந்தமாக ஒரு விதியைச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டோம்: சுவிஸ் திரளை முன்னே அனுப்பப் பகடை வேண்டாம், நிறுத்திவைக்கத்தான் பகடை வேண்டும். உருட்டித் தோற்றால் எதிரே இருக்கும் பகையை நோக்கி அது போயே தீரும்.

அடுத்த ஆட்டத்தில் லோட்ரெக் நான். இரண்டு முறை நிறுத்திவைத்தேன். மூன்றாவது முறை 9 விழுந்தது. பீரங்கிகள் இன்னும் பாதி வழியில் இருந்தன.