வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டால்: ஓடுவதா, ஒளிவதா, எதிர்ப்பதா?

நள்ளிரவில் கதவை நெம்பும் சத்தம் கேட்டு விழிப்பவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. நேரம் இருந்தாலும் மூளை ஒத்துழைக்காது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தால் அந்த மந்தம் முழுதாகத் தெளிய 15 முதல் 30 நிமிடம்கூட ஆகலாம். அதனால் எந்த வழி நல்லது என்பதைப் பகலில், நிதானமாக இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். வெளியேறலாம், ஓர் அறைக்குள் பூட்டிக்கொள்ளலாம், சத்தம் போட்டு விரட்டலாம், எதிர்த்து நிற்கலாம். இந்த நான்கையும் எடைபோட்டுப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

வெளியேறுவதைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். தனியாக வசிப்பவருக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. வந்தவன் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் வெளியே போக முடிந்தால், பொருளைப் பற்றி நினைக்காமல் போய்விட வேண்டும். ஆனால் இது சொல்லும் அளவுக்குச் சுலபமா? ஓர் இரவு எங்கள் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நடந்து பார்த்தேன். என் கட்டிலிலிருந்து பின்கதவுக்கு 14 எட்டு. தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தால் கதவில் பூட்டு தொங்குகிறது, சாவியோ முன்னறை ஆணியில். ஆள் வந்தால் முன்னறை வழியாகத்தான் வருவான். மறுநாளே அந்தச் சாவியை என் தலைமாட்டுக்கு மாற்றினேன். தீப்பிடித்தாலும் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் பெரிய சிக்கல் புரிந்தது. அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்து, காலை ஊன்றி நிற்கவே நேரமாகும். நான் 14 எட்டில் தப்பிக்கலாம், அம்மாவால் முடியாது. கைக்குழந்தை, முதியவர், படுக்கையில் இருப்பவர் என்று யார் இருக்கும் வீட்டிலும் இதே கதைதான். மாடியில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே குதிக்கலாம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். கால் முறிந்தால் வெளியே போயும் பயனில்லை.

குடும்பமாக வாழ்பவர்களுக்கு இரண்டாவது வழியான பூட்டிய அறைதான் பொருந்தும் என்பது என் முடிவு. எந்த அறை என்று கேட்டால், பலரும் பெரிய படுக்கையறையைச் சொல்வார்கள். நான் வேகமாக நடக்க முடியாதவரின் அறையைச் சொல்வேன். நடக்க முடிந்தவர்கள் அங்கே போய்ச் சேரட்டும். எங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கு 9 எட்டுதான்.

இந்த வழியின் பலவீனம் கதவு. உள் அறைக் கதவுகள் பலவற்றில் மெல்லிய பலகைக்குள் அட்டைதான் இருக்கும். கதவு கனமாக இருந்தாலும், தாழ்ப்பாள் போய் நுழையும் தகட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைப் பிடித்திருந்தவை அரை அங்குல ஸ்க்ரூக்கள் இரண்டு. அதில் ஒன்று கையால் திருகினாலே ஆடியது. தோளால் இரண்டு இடி இடித்தால் நிலையோடு பெயர்ந்து வந்துவிடும். மர நிலையாக இருந்தால் 3 அங்குல ஸ்க்ரூ போட்டு ஆழமாக இறக்கச் சொல்லுங்கள். கதவு உட்புறமாகத் திறந்தால் அலமாரியையோ மேசையையோ முட்டுக்கொடுக்கலாம்; வெளிப்புறமாகத் திறக்கும் கதவுக்கு அது உதவாது, தாழ்ப்பாளை மட்டும்தான் நம்ப வேண்டும். பூட்டிய பிறகு கதவுக்கு நேரே நிற்காமல் ஓரச் சுவரோடு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியும் சார்ஜரும் இரவில் அந்த அறையில் இருக்க வேண்டும். திரை பூட்டியிருந்தாலும் அவசர எண்ணை அழைக்கலாம். 112 பல நாடுகளில் வேலை செய்யும். இன்னொன்றை முன்கூட்டியே கவனியுங்கள். பொத்தானை அழுத்தி அவசர உதவியைக் கூப்பிடும் வசதி பல ஃபோன்களில் உண்டு. அழைப்பு போவதற்கு முன் சில ஃபோன்கள் எச்சரிக்கை ஒலியை உரக்க எழுப்பும். ஒளிந்திருப்பவரை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அமைப்புகளில் போய் அந்த ஒலியை இன்றே அணைத்துவிடுங்கள்.

சத்தம் போடுவதைத் தனி வழியாக நான் எண்ணவில்லை, பூட்டிய கதவுக்குத் துணை என்றே சொல்வேன். திருட வந்தவனுக்குப் பொதுவாகப் பொருள்தான் வேண்டும். ஆள் விழித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் கிளம்பவே பார்ப்பான். ஆனால் கதவைத் தாழிடுவதற்கு முன் கத்தினால் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும். தாழிட்டாயிற்று, அவன் கதவருகே வருகிறான் என்றால், “போலீசுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க” என்று உரக்கச் சொல்லலாம். கார் சாவியில் அபாயப் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தலாம். அறைக்குப் போகும் வழியில் மட்டும் விளக்கைப் போடாதீர்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். தூங்கி எழுந்த உங்கள் கண் ஏற்கெனவே பழகியிருக்கும், வீடும் உங்களுக்கு மனப்பாடம். வீட்டைத் தெரிந்த அந்த அனுகூலம் அவனுக்கு இருக்காது.

எதிர்த்து நிற்பது கடைசி வழி. வந்தது ஒருவனா மூவரா, கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீங்கள் எடுத்த கட்டையே உங்கள் மேல் திரும்பலாம். தண்ணீர் குடிக்க எழுந்த மகனை இருட்டில் அடித்துவிடவும் கூடும். நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் கேட்பதைக் கொடுத்துவிட்டு, அவன் வெளியே போகும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். கதவை உடைத்து உங்கள் மேலேயே பாய்கிறான், போக வேறு இடமில்லை என்றால் மட்டும் கையில் கிடைத்ததைக் கொண்டு முழு மூச்சாகப் போராட வேண்டும்.

ஃபோனில் முகவரியை முதலில் சொல்லுங்கள், இணைப்பு துண்டித்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்து எத்தனை பேர், எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் இருங்கள். வெளியே அமைதியாகிவிட்டது என்று எட்டிப் பார்க்க வேண்டாம். யாராவது வந்து “போலீஸ்” என்று கதவைத் தட்டினால், ஃபோனில் இருப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, வெறுங்கையைக் காட்டியபடி திறங்கள்.