துப்பாக்கி: குறளா, எச்சிலா, துருக்கியா?

"துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி..." என்று தமிழாசிரியர் ஆரம்பித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து "டுமீல்" என்று ஒரு குரல் வரும். எங்கள் வகுப்பில் வருடம் தவறாமல் நடந்தது இது. சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் பெரியவர்களில் சிலரும் 'துப்பாக்கி என்ற சொல் குறளிலேயே இருக்கிறதே' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தச் சொல்லின் பிறப்புக்குச் சொல்லப்படும் மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் குறள். வான்சிறப்பில் வரும் 12ஆம் குறள் அது. அங்கே துப்பு என்றால் உணவு. உண்பவர்க்கு நல்ல உணவை உண்டாக்கி, தானும் உணவாக நிற்பது மழை என்பதே பொருள். 'துப்பு ஆக்கி' என்பது வினையெச்சம். அடுத்த சொல்லோடு சேரும்போது 'துப்பாக்கித் துப்பார்க்கு' என்று நடுவில் ஒரு 'த்' மிகுகிறதே, அந்த ஒற்றே சாட்சி. எழுத்து ஒற்றுமையைத் தவிர இங்கே வேறெதுவும் இல்லை. இந்தக் கதையை விட்டுவிடலாம்.

இரண்டாவது கதைக்குக் கொஞ்சம் கவர்ச்சி அதிகம். குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், துப்பு என்றால் வலிமை, வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்பார்கள். துப்புக்கு வலிமை என்ற பொருள் உண்மையிலேயே உண்டு; 862ஆம் குறளில் 'ஏதிலான் துப்பு' என்று வருகிறது. இன்றும் 'உனக்குத் துப்பில்லை' என்றுதானே திட்டுகிறோம். ஆனால் துப்புவது என்ற வினையிலிருந்து கருவிப் பெயர் உண்டாகியிருந்தால் அது 'துப்பி' என்றல்லவா ஆகியிருக்கும்? மூடுவது மூடி, வடிகட்டுவது வடிகட்டி என்பது போல. நடுவில் 'ஆக்கி' எதற்கு? வலிமைக் கதைக்கு இந்த இலக்கணச் சிக்கல் இல்லை. அதற்குச் சிக்கல் அக்கம்பக்கத்து மொழிகளிலிருந்து வருகிறது.

தெலுங்கிலும் கன்னடத்திலும் இது துபாகி. மராத்தியிலும் இந்தியிலும் துபக். பாரசீகத்தில் துஃபங்க். துருக்கியில் துஃபெக். கிரேக்கத்தில்கூட துஃபேக்கி! ரஷ்யர்களின் பழைய சிறு பீரங்கிக்குப் பெயர் தியுஃபியாக். இத்தனை மொழிகளும் தமிழ்த் துப்பையும் ஆக்கியையும் கடன் வாங்கின என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆக, சொல் துருக்கியிலிருந்து வந்தது என்ற மூன்றாவது கதைக்கே என் ஓட்டு.

துருக்கி மொழியில் இந்தச் சொல் வெடிமருந்துக்கும் முந்தியது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் கஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியிலேயே இதன் பழைய வடிவம் இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள், குருவி அடிக்க உருண்டையை வைத்து ஊதும் குழல். நம் வீட்டு அடுப்படி ஊதாங்குழலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'துஃப்' என்று ஊதும் ஒலியே சொல்லாகிவிட்டது என்பது ஒரு விளக்கம். அப்படியானால் துப்புகிற கதைக்காரர்கள் பாதி சரி, மொழியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள்! குழலுக்குள் மூச்சுக்குப் பதில் வெடிமருந்து வந்தபோது, பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? பாபர் 1526இல் பானிபட்டுக்குத் துப்பாக்கிகளோடு வந்தார். தக்காணத்துச் சுல்தான்களிடம் துருக்கி வழி வந்த ரூமிகள் பீரங்கி வார்த்தார்கள். பீஜப்பூரில் இன்றும் இருக்கும் மாலிக்-இ-மைதான் என்ற பீரங்கி 1549இல் அப்படி ஒரு ரூமி வார்த்தது. அவர்களோடு மோதிய விஜயநகரப் படையும் துப்பாக்கி பிடித்தது. விஜயநகரத்தின் பின்னால் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்தவர்கள் தெலுங்கு பேசிய நாயக்கர்கள். துபாகி அவர்களோடு வந்து நம் வாயில் ஒரு 'ப்'பும் ஒரு 'க்'கும் கூடி அழுத்தம் பெற்றது என்பது என் ஊகம். வந்த பிறகு துப்பு, ஆக்கி என்று தமிழாகவே பிரித்துப் பார்க்கும்படி அமைந்துவிட்டது. அதனால்தான் இத்தனை கதை.

பீரங்கிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஐரோப்பியரைக் குறித்த ஃபிரங்கிதான் அது. பரங்கிப்பேட்டையும் பரங்கிக்காயும் அதே குடும்பம்.

வலிமைக் கதையை எனக்கு முழுசாக முடித்துவைத்தது இலங்கைத் தமிழ். அங்கே பேச்சில் இது துவக்கு. சிங்களத்திலும் துவக்குவ. 'துப்பு + ஆக்கி' என்று பிறந்த சொல்லாக இருந்தால் துவக்கு என்று தேய்ந்திருக்குமா? துபக் எனும் வடிவத்திலிருந்து துவக்குக்கு ஓரெட்டுத்தான். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் முதல்முறை சென்னைக்கு வந்தபோது, தெருமுனையில் 'திட்டத் துவக்க விழா' என்று கட்டியிருந்த பேனரைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் துவக்கோ?" என்று கேட்டார்.